டூட்டி பட்டியலை யார் போடுவது?
காட்பாடியில் நான் முதலில் வேலை பார்த்த மருத்துவமனையில் டூட்டி பட்டியல் மேலிருந்து வரும். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும், சரி. ஆனால் வைகாசி முதல் தேதி, குடியாத்தம் கெங்கையம்மன் கோயில் திருவிழாவின் சிரசு ஊர்வலத்தன்று, அந்த ஊர் நர்ஸுக்கே நைட் ஷிப்ட் விழும்! வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கியவர். இன்னும் நர்ஸிடம் கேட்காமலே பட்டியல்.

அப்புறம் சேர்ந்த இடத்தில் இரவுக்கு எத்தனை பேர், அதில் எத்தனை சீனியர் என்பதை மட்டும் நிர்வாகம் சொல்லும். மீதியை வார்டு நர்ஸுகளே கூடி எழுதுவார்கள். குடியாத்தத்து அக்காவுக்காக மேல்விஷாரத்துப் பெண் நிற்பாள். ரம்ஜானுக்கு அக்கா நிற்பார். நேரம் தின்னும் முறை, வாயுள்ளவர் நல்ல ஷிப்டைத் தட்டிப்போவதும் உண்டு. ஆனாலும் யாராவது திடீரென வராவிட்டால் மாற்று ஆளை அவர்களே பிடித்துவிடுவார்கள். வார்டுக்கு இதுதான் என் ஓட்டு. அவசரப் பிரிவுக்கு மட்டும் பழைய முறை.