விர்ட்டஸில் ஸ்போர்ட் டயர்: இரண்டு வருஷம், 34,000 கிலோமீட்டர்

போன சனிக்கிழமை டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் டெப்த் கேஜை முன் டயரில் வைத்துப் பார்த்தேன். 3 மில்லிமீட்டர். 2023 அக்டோபரில் மாட்டிய அன்று அதே இடத்தில் 7.6 இருந்தது. அடுத்த செட்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், இந்த 34,000 கிலோமீட்டரில் எதற்குக் காசு கொடுத்தேன், என்ன கிடைத்தது என்று எழுதி வைத்துவிடுகிறேன். இரண்டும் ஒன்றாக இல்லை.

வண்டி ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி. 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டயர் அளவு 205/55 ஆர்16, அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். தினமும் மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி, மாதம் ஒருமுறை வேலூரில் மாமனார் வீடு, வருஷத்துக்கு இரண்டு தடவை ஏதாவது ஒரு மலை. ரேஸ் ஓட்டுகிறவன் இல்லை. வளைவு வந்தால் கொஞ்சம் சந்தோஷப்படுகிறவன், அவ்வளவுதான்.

வண்டியோடு வந்த டயர்கள் 28,000 கிலோமீட்டர் ஓடியிருந்தன. பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு, இன்னும் 5 மில்லிமீட்டர் இருந்தது. மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மழைத் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு பள்ளத்தில் முன் இடது சக்கரம் இறங்கி, டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம் வந்தது. அந்த ஒரு டயரை மாற்றியிருந்தால் போதும். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஏலகிரி போயிருந்தோம். 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயர் அல்லது வள்ளல் பெயர். ஒவ்வொரு புலவரிடமும் என் டயர்கள் கீச்சிட்டுக்கொண்டே போயின. பின்சீட்டில் மகள் சிரித்தாள். எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கொப்புளம் ஒரு சாக்குதான்.

டயர் கடையில் முதல் பேச்சே, "சார், 17-க்குப் போயிடுங்க. வண்டி லுக்கே மாறிடும்" என்பதுதான். நானும் சபலப்பட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 205/55 ஆர்16 டயரின் மொத்த உயரம் 632 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 போட்டால் 634. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கும் ரப்பர் 113 மில்லிமீட்டரிலிருந்து 101-க்கு இறங்குகிறது. ஏற்கெனவே 113 இருந்தும் கொப்புளம் வாங்கியவன் நான். அந்த 12 மில்லிமீட்டர்தான் அடுத்த பள்ளத்தில் ரிம் வளைவதற்கும் வளையாததற்கும் நடுவே நிற்கப்போகிறது. 16-லேயே இருந்துவிட்டேன். இந்த முழுக் கதையிலும் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்தது டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் படிப்பது. கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும், வேண்டிய விஷயம் பொடி எழுத்தில் இருக்கும். 91 வி என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 240 கிலோமீட்டர் வேகம் வரை ஈடுகொடுக்கும். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது, அதோடு அந்த விஷயம் முடிந்தது. இதைவிட முக்கியமானது தேய்மானத்தைச் சொல்லும் டிரெட்வேர் எண். அமெரிக்காவில் கட்டாயமாக அச்சிட வேண்டியது என்பதால் இங்கே விற்கும் பல டயர்களிலும் இருக்கும். எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடிப்பு கூடும், சீக்கிரம் தேயும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ003-இல் 220, மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4-இல் 320. தினசரி ஓட்டத்துக்கான சாதாரண டூரிங் டயர்களில் 400-க்கு மேல் பார்க்கலாம். ஆனால் இந்தச் சோதனையை அந்தந்தக் கம்பெனியே செய்து, அதுவே எண் போட்டுக்கொள்கிறது. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் அதை நம்பலாம். பக்கத்தில் இருக்கும் ஏஏ, ஏ, பி எழுத்து ஈர ரோட்டில் நேராகப் போகும்போது டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு. வளைவில் எப்படி, தேங்கிய தண்ணீரில் எப்படி என்று அது சொல்லாது. இதை நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நான் வாங்கியது டிரெட்வேர் 240, ஏஏ. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. ஒரு ஆள், ஒரு வண்டி, ஒரு செட். அதை வைத்து ஒரு கம்பெனிக்கு மார்க் போட எனக்குத் தகுதி இல்லை. டயர் ஒன்று 11,800 ரூபாய். பழைய செட்டில் நன்றாக இருந்த மூன்றையும் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள், கைக்கு வந்தது ஒருமுறை வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) பார்க்கிற காசு.

வாங்குவதில் ஒரு சிக்கல். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டில் செய்த ஸ்போர்ட் டயர்கள் நினைத்த அளவில், நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. கிடைப்பதும் எத்தனை நாள் குடோனில் தூங்கியது என்று பார்க்க வேண்டும். முதல் கடையில் பளபளவென்று காட்டிய டயரில் 1421 என்று இருந்தது. 2021-ஆம் வருஷம் 14-ஆவது வாரம், அதாவது இரண்டரை வயசு. "ஓடாத டயர்தானே சார், அப்படியே புதுசு" என்றார் கடைக்காரர். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது கடையில் நான்கு மாத டயர் கிடைத்தது, விலை 600 ரூபாய் கூட.

முதல் 300 கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் வழுக்குகிற மாதிரிகூட இருந்தது. புது டயரின் மேல்பூச்சு தேய வேண்டும், பொறுமையாக ஓட்டினேன். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்புகிற சுகம் வந்தது. பச்சை சிக்னலில் கொஞ்சம் அழுத்தினாலே முன்சக்கரம் சுழன்றுகொண்டிருந்த வண்டி, இப்போது பிடித்துக்கொண்டு கிளம்பியது. திரும்ப ஏலகிரி போனேன். பதினான்கு வளைவும் ஏறினேன். ஒரு சத்தம் இல்லை.

அந்தச் சத்தம் இல்லாததுதான் இந்த டயர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டிய எச்சரிக்கை. பழைய டயர் கீச்சிட்டது அவமானம் என்று நினைத்தேன். உண்மையில் அது என்னிடம் பேசிக்கொண்டிருந்தது. இறங்கும்போது பார்த்தால், முன்பு 35-இல் எடுத்த வளைவை 50-இல் எடுத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். மனைவி, "என்னங்க, குழந்தைக்கு வாந்தி வருது" என்று சொன்ன பிறகுதான் கவனித்தேன். எதிரில் லாரி வந்தால் எந்த டயராக இருந்தாலும் ரோட்டின் அகலம் அதேதான்.

காசுக்குப் பலன் கிடைத்தது வேறு இடத்தில். 2024 நவம்பரில் ஒரு மாலை, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் சுமார் 70-இல் போகிறேன். முன்னால் போன ஷேர் ஆட்டோ கைகாட்டாமல் நடு லேனில் நின்றது. பிரேக்கை முழுசாக மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் தடதடத்தது, வண்டி நேராக நின்றது. ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் கூடையில் என்ன காய் இருக்கிறது என்று பார்க்கும் தூரம். பழைய டயராக இருந்தால் இடித்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதே வண்டியில், அதே மழையில், பழைய டயரில் ஏபிஎஸ் எவ்வளவு நேரம் தடதடக்கும் என்று என் காலுக்கு நினைவிருக்கிறது. இந்த வகை டயர்களில் சிலிக்கா கலந்த ரப்பர் ஈரத்தில் பிடிப்பதற்காகவே வருகிறது. மலை வளைவு வருஷத்துக்கு இரண்டு நாள். ஈர ரோட்டில் திடீர் பிரேக், சென்னையில் வடகிழக்குப் பருவமழை முழுக்க.

ஒருமுறை நண்பர்களோடு இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் ஓட்டினேன். 3.7 கிலோமீட்டர் சுற்று, மொத்தம் 12 சுற்று இருக்கும். நான்காவது சுற்றிலேயே பிடிப்பு குறைந்து வண்டி வெளியே தள்ள ஆரம்பித்தது. பிட்டில் வந்து பார்த்தால் 33 பிஎஸ்ஐ-இல் வைத்த காற்று 39 காட்டுகிறது, முன் டயர்களின் வெளிவிளிம்பு ரம்பம் மாதிரி பிய்ந்திருந்தது. அந்த விளிம்பு கடைசி வரை சரியாகவில்லை. தெருவில் ஓடும் காருக்கு வாங்கிய டயரை டிராக்குக்குக் கொண்டுபோவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாற்று நடுவது. சந்தோஷமாக இருந்தது, மறுபடி செய்ய மாட்டேன்.

தேய்மானத்துக்கு வருவோம். பழைய டயரில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 9,300 கிலோமீட்டர் கிடைத்தது. இதில் 7,400. 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றி, ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் பார்த்தும் இதுதான். முன்சக்கரம் இழுக்கும் வண்டி, 250 நியூட்டன் மீட்டர், மென்மையான ரப்பர். இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. மைலேஜ் சராசரி 15.8-லிருந்து 15.1 ஆனது. சத்தம் முதல் வருஷம் பரவாயில்லை. 20,000 தாண்டியதும் சிமென்ட் ரோட்டில் ஒரு தேன்கூடு பக்கத்தில் இருக்கிற மாதிரி ரீங்காரம். வேலூர் போகும்போது பாட்டு வால்யூம் இரண்டு புள்ளி கூட வைக்க வேண்டியிருக்கிறது. பஞ்சர் மூன்று, மூன்றும் ஆணி, மூன்றும் உள்பக்கமிருந்து அடைக்கும் மஷ்ரூம் பேட்ச் போட்டுச் சரியானது. கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை. அதற்கு டயரைவிட அந்த 113 மில்லிமீட்டரும், வாராவாரம் காற்று பார்ப்பதும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். டயரின் பள்ளங்களுக்குள் தேய்மானத்தைக் காட்டும் டிடபிள்யூஐ மேடு அதற்குத்தான் இருக்கிறது. நான் 3-இலேயே மாற்றுகிறேன். போன மாதம் ஒரு மழை நாளில், ஓஎம்ஆர் ரோட்டில் ஓரமாகத் தேங்கியிருந்த தண்ணீரில் 80-இல் போனபோது ஸ்டியரிங் ஒரு வினாடி பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர்மேல் ஏறிவிட்டது. மாட்டிய புதிதில் அதே ஓரத்தில் இப்படி ஆனதில்லை. தண்ணீரை வெளியே தள்ளுவது பட்டன் பள்ளத்தின் ஆழம். அது போனபின் ஏஏ எழுத்து ஒன்றும் செய்யாது.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி வரி 28-லிருந்து 18 சதவீதம் ஆகியிருப்பதால் இந்த முறை கொஞ்சம் மூச்சு விடலாம். அதே 205/55 ஆர்16 தான். ஆனால் 240-க்குப் போகவில்லை, 320 பக்கம் பார்க்கிறேன். ஏஏ இருக்கிற வரை எனக்குப் போதும். ரீங்காரம் இருந்தால் வேலூருக்குப் பஸ்ஸில் வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் நேற்று போன் செய்து, "சார், டயர் வந்துடுச்சு, 17 அலாய் ஒண்ணும் ஆஃபர்ல இருக்கு" என்றார். அலாய் வேண்டாம், நான்கு டயரின் வார எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.