இருப்புப்பாதை, கால்வாய்க்கரை, காட்டுச்சாலை: அப்பலாச்சிய மலைகளில் மூன்று சரளை வழிகள்

பிட்ஸ்பர்க் நகரிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை, மோட்டார் வாகனங்களின் தொந்தரவு ஏறக்குறைய இல்லாமலே சுமார் 540 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிப் போகலாம் என்பது, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் நம்மவர்களிலேயே பலருக்கு இன்னும் தெரியாது. இந்த வழியின் மேற்குப் பகுதி கிரேட் அலகேனி பாசேஜ். கிழக்குப் பகுதி செசபீக்–ஒஹாயோ கால்வாயின் கரை. இரண்டும் மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாண்டு என்னும் ஊரில் சந்திக்கின்றன. இவற்றுக்கு வடக்கே, பென்சில்வேனியாவின் அடர்காட்டுப் பகுதியில், பைன் க்ரீக் பள்ளத்தாக்கும் அதன் விளிம்புகளில் ஓடும் காட்டுச்சாலைகளும் மூன்றாவது வழியாக இருக்கின்றன. நான்கைந்து நாள் விடுப்பும் ஒரு கிராவல் சைக்கிளும் (சரளைப் பாதைக்கென்றே அகன்ற டயரோடு செய்த சைக்கிள்) கையில் இருப்பவர் இம்மூன்றில் எதற்குப் போவது என்பதே இங்கே கேள்வி.

சுற்றுலாக் கையேடுகள் மூன்றையும் ஒரே மாதிரிதான் வருணிக்கின்றன: காடு, ஆறு, பழைய பாலம், இலையுதிர்கால நிறங்கள். அவற்றை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. என் அனுபவத்தில், வழியை யார், எதற்காக வெட்டினார்கள் என்று கேட்பதே பயன் தருகிறது. நிலக்கரி ரயிலை மலைமேல் ஏற்றுவதற்காகப் போட்ட பாதை, தடம் நீரில் ஊறிவிடாதபடி வடிகாலோடும் சல்லிப் படுகையோடும் போடப்பட்டது. படகு இழுக்கும் கோவேறு கழுதைகள் நடப்பதற்காகப் போட்ட கரை, தண்ணீரை விட்டு விலகவே முடியாமல் மட்டமாகக் கிடக்கிறது. மரம் ஏற்றிய வண்டிகளுக்கும் தீயணைப்பு வண்டிகளுக்கும் போட்ட சாலை, மலை எப்படிப் போகிறதோ அப்படியே ஏறி இறங்குகிறது. எங்கே சேறு, எங்கே தொடைவலி, எங்கே பிரேக் சூடேறும் என்பதெல்லாம் இதிலேயே அடங்கிவிடுகின்றன.

முதலில் அலகேனி வழி. 241 கிலோமீட்டர் நீளமுள்ள இது, கைவிடப்பட்ட ரயில் தடங்களை ஒன்றோடொன்று இணைத்து உருவானது. பிட்ஸ்பர்க் நகருக்குள் இருந்த கடைசி இடைவெளி 2013இல்தான் அடைபட்டது. பெரும்பகுதி பொடித்த சுண்ணாம்புக்கல் இறுகப் படிந்த தளம். மழை பெய்தாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும் என்பதால், 35 மில்லிமீட்டர் டயரே போதும். பிட்ஸ்பர்கிலிருந்து புறப்பட்டால் யாக்கியோகேனி ஆற்றை ஒட்டியே நெடுந்தூரம் போய், ஒஹாயோபைல் அருவிகளைக் கடந்து, கான்ஃப்ளூயன்ஸ் என்னும் சிற்றூரில் காசல்மன் ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் திரும்புகிறோம். அங்கிருந்து மேலே, 582 மீட்டர் நீளமுள்ள சாலிஸ்பரி மேம்பாலத்தின்மீது ஏறும்போது, கீழே ஆறும் நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் ஒரே பார்வைக்குள் வந்துவிடுகின்றன.

இவ்வழியின் உச்சம் கிழக்கு நீர்ப்பிரிமேடு. கடல்மட்டத்திலிருந்து 729 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த இடத்திற்கு மேற்கே விழும் மழை மெக்ஸிகோ வளைகுடாவுக்கும் கிழக்கே விழுவது அட்லாண்டிக் கடலுக்கும் போகிறது. பிட்ஸ்பர்கிலிருந்து அங்கே ஏற ஏறத்தாழ 203 கிலோமீட்டர். கம்பர்லாண்டிலிருந்து ஏற வெறும் 38 கிலோமீட்டர்தான். மேற்கிலிருந்து வருபவருக்கு ஏற்றம் காலில் உறைப்பதே இல்லை. கிழக்கிலிருந்து வருபவருக்கோ சராசரி ஒன்றரை விழுக்காட்டை ஒட்டிய ஏற்றம் முதல் நாள் காலையிலேயே தொடங்கி, ஃப்ராஸ்ட்பர்க் தாண்டியும் விடாமல் தொடரும். செங்குத்தான ஏற்றம் அல்ல என்றாலும், கூடாரமும் அடுப்பும் கட்டிய சைக்கிளில், எங்கும் சமதளம் வராத ஏற்றம் எரிச்சலைத் தரும். ஆகவே பைகளோடு போகிறவர்கள் பிட்ஸ்பர்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. உச்சியைக் கடந்து சற்றே இறங்கியதும், ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கம் வருகிறது. உள்ளே விளக்குகள் உண்டு. வெளியே வந்ததும் மேரிலாந்தின் மலைத்தொடர்கள் அடுக்கடுக்காக விரிகின்றன. அதன்பின் கம்பர்லாண்டு வரை மிதிப்பதற்கு வேலையே இல்லை. குளிர்காலத்தில் இச்சுரங்கத்தின் கதவுகளை மூடிவிடுவார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கால்வாய்க்கரை இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. 1828 ஜூலை 4இல் தொடங்கிய கால்வாய் வேலை, 1850இல் கம்பர்லாண்டை எட்டுவதற்குள் ரயில் முந்திக்கொண்டு அங்கே வந்துவிட்டிருந்தது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து முடிந்தது. 1950களில் கரையைக் கார்ச்சாலையாக மாற்றலாம் என்ற யோசனை எழுந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ், அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதிய பத்திரிகை ஆசிரியர்களைத் தம்மோடு நடந்து பார்க்க அழைத்தார். 1954இல் எட்டு நாள் நடந்த அந்த நடையை ஒன்பது பேர்தான் முழுவதுமாக முடித்தார்கள். 1971இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. இல்லாவிட்டால் இன்று நாம் அங்கே கார்தான் ஓட்டிக்கொண்டிருப்போம்.

297 கிலோமீட்டரில் மொத்த இறக்கம் 184 மீட்டர் மட்டுமே. அதுவும் படகுகளை ஏற்றி இறக்கக் கட்டிய 74 மதகுகளில் படிப்படியாகத் தீர்ந்துவிடுகிறது. ஏற்றமே இல்லாத வழி சுலபம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு பக்கம் பொடோமேக் ஆறு, மறுபக்கம் தேங்கிய கால்வாய். நடுவில் களிமண்ணும் வேர்களும் கலந்த தடம். அண்மை ஆண்டுகளில் பல பகுதிகளில் புதிய தளம் போட்டிருந்தாலும், எல்லா இடத்திலும் அந்த நிலை இல்லை. ஓர் ஏப்ரல் மாதத்தில் இரண்டு நாள் மழைக்குப் பிறகு போன எனக்கு, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே சேறு இறுகி, சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. ஒரு குச்சியை ஒடித்து வைத்துக்கொண்டு, கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிச் சுரண்டி எடுத்துக்கொண்டே போனேன். ஹான்காக் பகுதியில் கால்வாய்க்கு இணையாக ஓடும் மேற்கு மேரிலாந்து ரயில் தடம் தார் போட்டது என்பதும், அது சுமார் 45 கிலோமீட்டர் நீளம் என்பதும் தெரிந்திருந்ததால் தப்பித்தேன். கால்வாய்க்கரைக்குப் போகிறவர்கள் மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, 45 மில்லிமீட்டர் டயர் போட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகும் இவ்வழியை நான் ஒதுக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைந்திருக்கும் கூடார இடங்கள்: முன்பதிவு கிடையாது, ஓர் இடத்தில் ஓர் இரவு தங்கலாம், கைப்பம்பு உண்டு, குளிர்மாதங்களில் மட்டும் அதன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். மற்றொன்று, பாபா சுரங்கம். 950 மீட்டர் நீளம். கட்டி முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. உள்ளே விளக்கு இல்லை. சைக்கிளிலிருந்து இறங்கி, தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய கரையில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். பக்கத்துக் கைப்பிடி மரத்தைத் தடவினால் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள் தட்டுப்படுகின்றன. படகை இழுத்த கயிறுகள் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து அறுத்த தடங்கள் அவை. நம் ஊர்ப் பழைய கிணற்றடிக் கல்லில் தாம்புக்கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த இருட்டில் அது உடனே புரியும்.

பைன் க்ரீக் வேறு கணக்கு. பனியுகத்தில் பனிப்பாறை வடக்கே வழியை அடைத்ததால், வடகிழக்காக ஓடிக்கொண்டிருந்த ஓடை தெற்கே திரும்பி மலையை அறுத்ததில் உண்டான பள்ளத்தாக்கு இது. நீளம் ஏறத்தாழ 76 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் 440 மீட்டர். 1988 வரை சரக்கு ரயில் ஓடிய தடம், இப்போது வெல்ஸ்பரோ அருகிலிருந்து ஜெர்ஸி ஷோர் வரை 100 கிலோமீட்டர் சரளைப் பாதை. இதை மட்டும் ஓட்டினால் அலகேனி வழியின் சிறிய தம்பி என்றே சொல்ல வேண்டும். அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அன்சோனியாவுக்கும் பிளாக்வெல்லுக்கும் இடையே பள்ளத்தாக்குக்குள் ஏறக்குறைய சாலையே இறங்குவதில்லை என்ற தனிமை ஒன்றுதான் அதன் சிறப்பு.

ஆனால் தடத்தை விட்டு டயோகா மாநிலக் காட்டின் சாலைகளில் மேலே ஏறினால், கிராவல் சைக்கிள் என்ற ஒன்றை ஏன் செய்தார்கள் என்பது விளங்கும். சில கிலோமீட்டரில் இருநூறு, முந்நூறு மீட்டர் ஏற்றம்; மேலே மேப்பிளும் ஓக்கும் சூழ்ந்த சமதளம்; மறுபடியும் ஓர் ஓடையை நோக்கி வேகமான இறக்கம். இந்தச் சாலைகள் இவ்வளவு நன்றாக இருப்பதற்குக் காரணம் சைக்கிள்காரர்கள் அல்ல, மீன்கள். மண்சாலையிலிருந்து அரித்துவரும் வண்டல் டிரவுட் மீன்கள் வாழும் ஓடைகளைக் கெடுக்கிறது என்பதால், பென்சில்வேனியா 1997இல் மண், சரளைச் சாலைகளைச் சீரமைக்கத் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அரித்துப் போகாதபடி பல அளவுச் சல்லியைக் கலந்து, நடுவே மேடாக்கி, நீரைக் காட்டுக்குள் பரவவிடும் முறை அது. நீர் தேங்காத சாலையில் டயரும் புதைவதில்லை. ஏற்றம்தான் கடினம், சிறிய கியர் இல்லாதவர்கள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். கைப்பேசிச் சமிக்ஞையும் பெரும்பாலும் கிடைக்காது. வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் அலகேனி வழிக்கே முதலிடம். ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆனாலும் சைவ உணவுக்காரர்கள் பீட்சாவிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும்தான் காலம் தள்ள வேண்டும் என்பதால், பிட்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலில் புளியோதரை வாங்கிக் கட்டிக்கொண்டு புறப்படுவது முதல் ஒரு நாளைக்காவது உதவும். திரும்பும் வசதியும் அதற்குத்தான்: வாஷிங்டனுக்கும் பிட்ஸ்பர்குக்கும் இடையே ஓடும் ஆம்டிராக் ரயில் கம்பர்லாண்டில் நிற்கிறது, முன்பதிவு செய்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள்.

முதன்முறை நெடும்பயணம் போகிறவருக்கும், பிள்ளைகளோடு போகிறவருக்கும் அலகேனி வழியைத் தயங்காமல் சொல்வேன். கால்வாய்க்கரைக்கு, ஒரு வாரம் மழை இல்லாத செப்டம்பரில் மட்டும் போகலாம். எனக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் பைன் க்ரீக்கின் மேட்டுச்சாலைகள், அக்டோபர் முதல் பாதியில். நவம்பர் கடைசியில் அங்கே துப்பாக்கி மான்வேட்டையின் முக்கியப் பருவம் தொடங்கிவிடும். அப்போது போவதாக இருந்தால், பளீரென்ற ஆரஞ்சு நிற மேற்சட்டை ஒன்றை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.