டைரக்ட் வென்ட் கேஸ் ஃபயர்பிளேஸ்: தீயை விடக் குழாயைப் பாருங்கள்

கேஸ் ஃபயர்பிளேஸ் வாங்கப் போகிறவர்கள் தீ எவ்வளவு அழகாக ஆடுகிறது, செராமிக் விறகு நிஜம் போல இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். டைரக்ட் வென்ட் வகையைப் போட்டு ஒரு குளிர்காலம் முழுக்க எரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியது புகை எந்த வழியாக வெளியே போகிறது என்பதைத்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் குழாய்க்குள் குழாய் அமைப்பு. எரியத் தேவையான காற்று வெளிக்குழாய் வழியாக வீட்டுக்கு வெளியிலிருந்தே வருகிறது, எரிந்த வாயு உள்குழாய் வழியாக வெளியேறிவிடுகிறது, முன்னால் கண்ணாடி இறுக மூடியிருப்பதால் அறைக் காற்றுக்கும் நெருப்புக்கும் சம்பந்தமே இல்லை. அறைக் காற்றை எடுத்து எரியும் வகைகளில், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை வேகமாகப் போட்டால் புகை உள்ளே திரும்பிவிடும் பயம் உண்டு. இதில் அந்தக் கவலை இல்லை.

கடையில் வென்ட்டே இல்லாத மாடலைத்தான் முதலில் காட்டினார்கள். குழாய்ச் செலவு மிச்சம், சூடு முழுக்க அறையிலேயே நிற்கும் என்றார்கள். நிற்கும்தான், ஆனால் கூடவே நீராவியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் நிற்கும், எரிவது கொஞ்சம் கெட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் சேரும். ஆக்சிஜன் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கினால் தீயை அணைக்கும் சென்சார் அதில் இருக்கிறது, சரி, ஆனால் அது கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லையே! பிள்ளைகள் தூங்கும் வீட்டில் அதை நான் வைக்கவே மாட்டேன்.

கரண்ட் போனாலும் எங்களுடையது எரிகிறது. பைலட் சுடர், அதாவது எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடர், அதன் சூட்டிலிருந்தே வால்வுக்கு வேண்டிய சில நூறு மில்லிவோல்ட் கிடைத்துவிடும், சுடர் அணைந்தால் கேஸ் தானாக மூடிக்கொள்ளும்.

குறை என்றால் கண்ணாடி. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும், அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இறங்காது, அதனால் முன்னால் பாதுகாப்பு வலை இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு படலமும் படியும். நன்றாக ஆறிய பிறகு இதற்கென்று விற்கும் கிளீனரால் துடைக்க வேண்டும், அமோனியா கலந்த சாதாரண கிளீனர் கண்ணாடியைக் கெடுத்துவிடும்.

கையேட்டில் பராமரிப்பு பற்றி எழுதியிருப்பது போதவே போதாது. வருடத்துக்கு ஒரு முறை, குளிர் தொடங்கும் முன்பே, உரிமம் உள்ள டெக்னீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்புவது சர்வீஸ் ஆகாது. பர்னரிலும் பைலட்டிலும் சிலந்தி வலை இருக்கிறதா, கண்ணாடியைச் சுற்றிய கேஸ்கட் இறுகிப் பிடிக்கிறதா, குழாய் இணைப்புகள் விலகியிருக்கிறதா, கேஸ் கசிகிறதா என்று எல்லாம் பார்க்க வேண்டும். விறகுத் துண்டுகளைத் திரும்ப வைக்கும்போது கையேட்டுப் படத்தில் காட்டிய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், தீ நேராக அவற்றில் மோதினால் கரி படியும். கண்ணாடியில் கறுப்பு தெரிந்தால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வெளிச்சுவரில் இருக்கும் குழாய் மூடியை மட்டும் நாமே அடிக்கடி பார்க்கலாம்: பனி, சருகு, பறவைக் கூடு, வளர்ந்த செடி, எது அடைத்தாலும் ஆபத்து.

அப்புறம், கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய் அங்கிருந்து போன் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, அதற்கு அலாரம்தான், படுக்கையறைக்குப் பக்கத்திலும் ஒன்று மாட்டுங்கள். அதன் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். அது தாண்டிவிட்டால் புது பேட்டரி போட்டும் பயனில்லை, அலாரத்தையே மாற்றிவிடுங்கள்.