பச்சை விளக்கை நம்பிய அப்பா

நெதர்லாந்திலிருந்து ஊருக்குப் போய்வந்தேன். விமானம், கல்யாணம், கோயில் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது கும்பகோணத்தில் அப்பாவின் மின்சார சைக்கிளைப் பற்றி.

போன வருடம் நான் வாங்கிக் கொடுத்தது. 250 வாட் மோட்டார், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாது. லைசென்சும் பதிவு எண்ணும் தேவையில்லை. மகாமகக் குளத்தைச் சுற்றிவிட்டுக் காய்கறி வாங்கி வர அது போதும். இந்த முறை போய்ப் பார்த்தால் வண்டி திண்ணையில் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. "சார்ஜ் நிறைந்துதான் இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறதே. வண்டிதான் நகர மாட்டேன் என்கிறது" என்றார்.

விற்ற நிறுவனத்தின் சேவை மையத்துக்குக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏசி அறை, டோக்கன், ஓடிபி. என்னுடையது நெதர்லாந்து எண் என்றதும் கணினியும் விழித்தது, பையனும் விழித்தான். அரை மணி நேரம் கழித்துச் சார்ஜரைச் செருகினான். பச்சை எரிந்தது. "பேட்டரி சார்ஜ் ஏற்கவில்லை சார். புதிது 14,000 ரூபாய்." அவ்வளவுதான் பரிசோதனை! நெதர்லாந்தில் நான் இருக்கும் உத்ரெக்ட் நகரில் என் சைக்கிள் கடைக்காரர் இரண்டு வாரம் கழித்துத்தான் நேரம் கொடுப்பார். ஆனால் அளந்து பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார்.

எரிச்சலோடு தெருமுனை சைக்கிள் கடையில் வண்டியை இறக்கினேன். அரைப்பெடல் பழக மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்த அதே கடை. பஞ்சர் பார்க்கும் தொட்டி அதே கறுப்புத் தண்ணீரோடு அங்கேயே இருந்தது. பக்கத்து ஸ்டூலில் மட்டும் புதிதாக, வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர். கடைக்கார அண்ணன் அதைப் பேட்டரியில் வைத்தார்: 33 வோல்ட்.

"36 வோல்ட் பேட்டரி தம்பி, நிறைந்தால் 42 காட்டும். இது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது."

அடுத்து சார்ஜரின் முனையில் வைத்தார்: பூஜ்யம். முனைக்குப் பக்கத்தில் வயரை மெல்ல மடக்கியதும் 42 ஒரு கணம் எட்டிப் பார்த்து மறைந்தது. உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. இந்தச் சார்ஜரில் பேட்டரிக்கு மின்சாரம் போனால்தான் சிவப்பு. நிறைந்தாலும் பச்சை, ஒன்றுமே போகாவிட்டாலும் பச்சை. இஸ்திரிப் பெட்டி வயரைப்போல இதையும் இறுக்கிச் சுற்றி ஆணியில் மாட்டுவது அப்பாவின் வழக்கம்.

முனையை வெட்டிவிட்டுப் புதியதை வைத்துச் சால்டர் செய்தார். சிவப்பு எரிந்தது. 150 ரூபாய்.

உத்ரெக்டில் குளிர்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பழகியவன் நான். உறைபனியில் சார்ஜ் ஏற்றக் கூடாது. இங்கே வெயில்தான் எதிரி. ஓட்டி வந்த சூட்டோடு செருகக் கூடாது, ஆற வேண்டும்; பல நாள் எடுக்காவிட்டால் பாதிச் சார்ஜில் நிழலில் வைக்க வேண்டும் என்று அண்ணன் அப்பாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"சரி, டிஸ்டில்டு வாட்டர் எப்போது ஊற்ற வேண்டும்?"

வீட்டு இன்வெர்ட்டருக்கு ஊற்றி ஊற்றிப் பழகிய கை. சைக்கிளில் இருப்பதோ தண்ணீரே கேட்காத லித்தியம் பேட்டரி. அண்ணன் என்னைப் பார்த்தார்.