இரண்டு 970-ஆ, ஒரே ஒரு 1070-ஆ?

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள், செகண்ட் ஹேண்டில் இன்னொன்று மலிவாகக் கிடைக்கிறதே, எஸ்எல்ஐ (இரண்டு கார்டுகளை இணைத்து ஒன்றாக ஓட்டும் முறை) போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். இரண்டு வழியையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், வேண்டாம், அடுத்த தலைமுறைக் கார்டான 1070 ஒன்றை வாங்குங்கள். இரண்டு கார்டின் 4 ஜிபி நினைவகமும் சேர்ந்து 8 ஆகாது, ஒரே தரவுதான் இரண்டு கார்டிலும் நகலாக இருக்கும், அதிலும் 970-இல் கடைசி அரை ஜிபி ரொம்ப மெதுவானது. எஸ்எல்ஐயை ஆதரிக்கும் கேம்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்) நன்றாகவே ஏறுகிறது, சரி. ஆனால் ஃப்ரேம்கள் சீரான இடைவெளியில் வராததால், திரையில் எண் எவ்வளவு காட்டினாலும் படம் திக்கித் திக்கி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஆதரிக்காத கேமில் இரண்டாவது கார்டு சும்மா கிடக்கும். அப்புறம் மின்சாரம்: அங்கே 145 வாட் கார்டு இரண்டு, 2016-இல் வந்த 1070-க்கோ 150 வாட்தான், முழுசாக 8 ஜிபி. கேபினட்டுக்குள் மேல் கார்டு சூடாவதை வேறு சமாளிக்க வேண்டும்.