செகண்ட் ஹேண்ட் ஐபாட் கிளாசிக்: கம்ப்யூட்டர் கண்டுகொண்டால் மட்டும் காசு கொடுங்கள்

ஆப்பிளின் பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாட் கிளாசிக் 2007 செப்டம்பரில் வந்தது; 2014 செப்டம்பரில் ஆப்பிள் அதை நிறுத்திவிட்டது. இப்போது கைமாறுவது எல்லாமே பழசு. சத்தம் சுத்தம், 160 ஜிபி மாடலில் வீட்டு சிடி அத்தனையும் அடங்கும், சக்கரத்தைச் சுற்றுவதும் ஒரு சுகம். தகராறு டெஸ்க்டாப்பில் செருகும்போதுதான். ஆறு உண்டு தண்ணீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை என்று வேலூரைக் கிண்டலடிப்பார்களே, அதே கணக்கு: சார்ஜ் ஏறும், டிரைவ் வராது.

முதல் குற்றவாளி பெரும்பாலும் கேபிள். இதற்கு வேண்டியது அகலமான 30 பின் கேபிள். வேலூர் லாங் பஜார், சாரதி மாளிகைப் பக்கம் தேடினால் டைப்-சி சரம் சரமாகத் தொங்கும். 30 பின் கேட்டால் மேல் தட்டில் தூசி தட்டித்தான் எடுப்பார்கள். எடுத்துத் தருவதில் வெறும் சார்ஜ் கேபிளும் கலந்திருக்கும். யூஎஸ்பி கேபிளுக்குள் நாலு கம்பி வேண்டும்: சிவப்பும் கறுப்பும் கரன்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. மலிவு கேபிளில் பச்சை, வெள்ளை இரண்டையும் விட்டுவிடுவார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் செருகச் சொல்லுங்கள். ஐபாட் திரையில் 'கனெக்டட்' என்று வந்தால் டேட்டா கம்பி இருக்கிறது. பேட்டரிப் படம் மட்டும் வந்தால் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது போர்ட். கேபினட்டின் முன்பக்க யூஎஸ்பி, உள்ளே ஒரு மெல்லிய ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. பின்பக்கத்தது மதர்போர்டிலேயே பற்றவைத்தது. கிளாசிக்கின் உள்ளே இருப்பது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். அது சுழல ஆரம்பிக்கும் நொடியில் கரன்டை இழுக்கும், முன்பக்க போர்ட்டும் தனிக் கரன்ட் இல்லாத ஹப்பும் அப்போது தடுமாறும். ஆகவே பின்பக்கம்தான்.

செருகியதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸ் இரட்டை மணி அடித்தால் நல்ல சேதி. 'அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்', கோட் 43 என்று டிவைஸ் மேனேஜரில் வந்தால், கம்ப்யூட்டர் 'நீ யார்' என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை என்று அர்த்தம். கேபிளை மாற்றியும் அதே கதி என்றால் ஐபாட்டின் அடிவாயைப் பாருங்கள்; சட்டைப்பை பஞ்சு அடைத்திருக்கும். ஐபாடை அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டுத் தேய்த்தால் போதும். குண்டூசி விட்டுக் குடையாதீர்கள், பின் வளைந்தால் சோலி முடிந்தது.

அதற்கும் மசியாவிட்டால் டிஸ்க் மோட், அதாவது ஐபாடை வெறும் டிரைவாக நிற்கவைக்கும் வழி. ஹோல்ட் சுவிட்சை ஒருமுறை தள்ளி மறுபடி விடுங்கள். ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பொத்தான் எதுவும் வேலை செய்யாது. மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து 6 முதல் 8 நொடி அழுத்தினால் ஆப்பிள் சின்னம் வரும். வந்த உடனே கையை மாற்றி, நடுப் பொத்தானையும் பிளேயையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். கை மாற்றுவதில் ஒரு நொடி தாமதித்தாலும் சாதாரணமாகத் துவங்கிவிடும், முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மணி அடித்தும் டிரைவ் தெரியவில்லையா? டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். சி, டி மாதிரி டிரைவ் எழுத்து இல்லாமல் கிடந்தாலோ, கார்டு ரீடரோ நெட்வொர்க் டிரைவோ பிடித்துவைத்த எழுத்தோடு மோதினாலோ, ரைட் கிளிக் செய்து பி (P), க்யூ (Q) மாதிரி தள்ளியிருக்கும் எழுத்தைக் கொடுங்கள். 'பார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்காதீர்கள். அது மேக்கில் ஓடிய ஐபாடாக இருக்கலாம்; மேக்கின் எச்எப்எஸ் பிளஸ் பார்மட்டை விண்டோஸ் படிக்காது, விண்டோஸுக்கு வேண்டியது எப்ஏடி32 பார்மட். ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸில் ரீஸ்டோர் கொடுத்தால் ஐபாட்டின் மென்பொருளும் பார்மட்டும் சேர்ந்தே சரியாகும், உள்ளே இருக்கும் பாட்டெல்லாம் அழிந்துவிடும்.

எக்ஸ்ப்ளோரரில் தெரிகிறது, ஐடியூன்ஸில் தெரியவில்லை என்றால் 'ஆப்பிள் மொபைல் டிவைஸ் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்' என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அது ஐபோனுக்கும் ஐபாட் டச்சுக்கும்தான். கிளாசிக்குக்கு ஓட வேண்டியது 'ஐபாட் சர்வீஸ்'. சர்வீசஸ் பட்டியலில் அது நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுங்கள்.

பென் டிரைவ் மாதிரி பாட்டை இழுத்துப்போட்டால் கிளாசிக் பாடாது. தன் பட்டியலில் பதிவானதைத்தான் பாடும், அந்தப் பட்டியலை எழுதுவது ஐடியூன்ஸ். எப்எல்ஏசி (FLAC) வகைப் பாட்டுக் கோப்புகளும் ஏறாது. ஆப்பிள் லாஸ்லெஸ் வகையாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். இதெல்லாம் தலைவலி என்பவர்களுக்கு பழைய சான்டிஸ்க் கிளிப் ஜிப் பிளேயர் போதும்: செட்டிங்ஸில் யூஎஸ்பி மோடை எம்எஸ்சி ஆக்கினால் பென் டிரைவ் மாதிரியே நிற்கும்.

வாங்கலாமா? கேபிள், பார்மட் கோளாறால் 'போர்டு போச்சு' என்று தள்ளுவிலைக்கு வருவது லாபம். டிஸ்க் தேய்ந்தது வேண்டாம். ரீஸ்டார்ட் ஆகும்போது நடுப் பொத்தானையும் பின்னோக்கிப் பொத்தானையும் அழுத்திப் பிடித்தால் டயக்னாஸ்டிக் திரை வரும். அங்கே ஐஓ, ஹார்ட்டிரைவ், எச்டிஸ்மார்ட்டேட்டா என்று போனால் 'ரீஅலாக்ஸ்' (டிஸ்க்கில் கெட்டு மாற்றப்பட்ட இடங்கள்), 'பென்டிங் செக்டார்ஸ்' (கெட்டதாகச் சந்தேகப்படும் இடங்கள்) என இரண்டு எண் தெரியும். இரண்டும் பூஜ்யமாக இருப்பதே உத்தமம். காதருகே வைத்தால் டிக் டிக் என்று அடிக்கிறதா, எண் எதுவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதுகுத் தகடு லேசாகப் புடைத்திருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது, செருகவே கூடாது. ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்பநிலை 35 டிகிரி வரை. நம் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும். பைக் டேங்க் பையில் வைத்துக்கொண்டு காட்பாடிக்கும் ஆற்காட்டுக்கும் அலைகிறவர்களுக்கு இந்த ஐபாட் லாயக்குப்படாது.