டன் கணக்கா, தெருக் கணக்கா?

குப்பை அள்ளத் தனியாரைச் சேர்த்துக்கொள்வது என்று ஓர் உள்ளாட்சி முடிவெடுத்துவிட்டால், அப்புறம் பணத்தை எதை வைத்துக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டன்னுக்கு இவ்வளவு என்றால் கணக்கு சுலபம், எடைமேடைச் சீட்டு போதும். ஆனால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் யாத்திரிகர்கள் விட்டுப்போகும் துணியைப் பாருங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, மணலோடு வாரி ஏற்றினால் ஒப்பந்ததாரருக்கு லாபம். மணலுக்கும் சேர்த்து நம் வரிப்பணம் போகிறது. தரம் பிரித்தால் எடை குறையும், அதனால் பிரிக்கவும் மாட்டார். திடக்கழிவு விதிகள் வகை வகையாகப் பிரிக்கச் சொன்னது லாரிக்குள் ஒன்றாகிவிடும்.

வீடுவீடாக வந்தார்களா, பிரித்து வாங்கினார்களா, தெரு சுத்தமா என்று பார்த்துப் பணம் கொடுப்பது இன்னொரு வழி. பாம்பன், மண்டபம் மாதிரி காற்று ஓயாத ஊர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். பாலித்தீன் பைக்கு எடையே கிடையாது. பறந்தால் விழுவதோ மன்னார் வளைகுடாவில். டன்னுக்கு இவ்வளவு என்றால் அதைக் குனிந்து எடுக்க யாருக்கு மனசு வரும்?

சிக்கல், கண்காணிக்க ஆள் வேண்டும். காலை 6 மணிக்குத் தெருவில் நின்று பார்க்க ஆளில்லாத ஊரில் இது காகிதத்தோடு சரி. அங்கே எடைமேடையே தேவலை, மணலைச் சலித்துக் கழித்துவிட்டு எடை போட்டால்.